புல்லட் 350 ஹெட்டில் வெண்கல வால்வு கைடு: எந்த உலோகம், எவ்வளவு இறுக்கம்?

பெரம்பூர் புல்லட் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1970களில் திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350 ஒன்று உள்ளது. அலுமினிய ஹெட், இரும்பு பேரல், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் என்று எல்லாருக்கும் தெரிந்த அதே எஞ்சின்தான். சில காலமாக, வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் நீலப்புகை வருகிறது. இரவு முழுதும் நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் உதைத்தாலும் முதலில் கொஞ்சம் புகைத்துவிட்டுத்தான் அடங்குகிறது. பிஸ்டன் ரிங்குகள் புதியவை, கம்ப்ரஷனிலும் குறையில்லை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் இரண்டு வால்வுகளும் கைடுக்குள் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்க்குள்) ஆடுகின்றன. எக்ஸாஸ்ட் பக்கத்து ஆட்டம் டயல் கேஜ் இல்லாமலே கண்ணுக்குத் தெரிகிறது.

அதைவிடக் கவலை தருவது கைடு உட்காரும் துளை. முந்தைய உரிமையாளரின் காலத்தில் ஏதோ ஒரு பட்டறையில் ஹெட்டைச் சூடாக்காமலே கைடுகளைச் சுத்தியலால் அடித்து இறக்கியிருக்க வேண்டும். துளையின் உட்சுவரில் மேலிருந்து கீழ்வரை நீளநீளமாகக் கீறல்கள் இருக்கின்றன. எக்ஸாஸ்ட் கைடு சிறிது தட்டியதுமே கையோடு வந்துவிட்டது. புதுப்பேட்டையில் வாங்கிய புதிய இரும்பு கைடு அந்தத் துளையில் விரலால் தள்ளினாலே இறங்கிவிடுகிறது.

கைடின் வெளிப்புறத்தில் சென்டர் பஞ்சால் புள்ளிகள் குத்தி இறக்கினால் நின்றுவிடும் என்று ஒருவர் சொல்கிறார். ஒட்டும் திரவத்தைத் தடவி இறக்கலாம் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், இரும்பே வேண்டாம், வெண்கலத்தில் புதிதாகக் கடைந்து போட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்கிறார். எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் கன்மெட்டல் என்ற வெண்கல வகைக் கம்பி இருக்கிறது. நான் அளவைக் கொடுத்தால் ஒரே நாளில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எந்த அளவைக் கொடுப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


அம்பத்தூர் கடைசல் எழுதியது:

வணக்கம் தம்பி. அந்தப் பட்டறைக்கு நீங்கள் இப்போது எந்த அளவையும் கொடுக்க வேண்டாம். பழைய கைடின் அளவுக்கோ புத்தகத்தில் உள்ள அளவுக்கோ செய்யப்படும் கைடு உங்கள் ஹெட்டுக்குப் பயன்படாது. துளை கெட்டுப்போயிருப்பதால் முதலில் துளையைச் சரிசெய்து, சரிசெய்த துளையை அளந்து, அந்த அளவுக்குத்தான் கைடைக் கடைய வேண்டும். இந்த வரிசை மாறினால் எந்த உலோகத்தில் செய்தாலும் பணம் வீண்தான்.

பஞ்ச் குத்துவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புள்ளி குத்திய கைடு துளையைத் தொடுவது அந்தச் சிறு மேடுகளின் நுனியில் மட்டுமே. மற்ற இடமெல்லாம் இடைவெளியாக இருப்பதால், வால்வுத் தண்டிலிருந்து கைடுக்கு வந்த சூடு ஹெட்டுக்குப் போக வழியில்லாமல் நிற்கும். மென்மையான அலுமினியத்தில் அந்த நுனிகள் விரைவிலேயே தடம் பதித்துவிடும், கைடு மீண்டும் ஆடும், துளை இப்போது இருப்பதைவிடப் பெரிதாகிவிடும். ஒட்டும் திரவம் வேறு சில இடங்களில் நல்ல பொருள்தான் என்றாலும், எக்ஸாஸ்ட் பக்கத்து வெப்பத்தில் அதை நம்பி ஒரு கைடை விடக்கூடாது.

துளையை டெலஸ்கோப்பிக் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்து எழுதுங்கள். சுத்தியலால் அடித்த துளை பெரும்பாலும் மேலே அகன்றும் கீழே ஒருபுறம் சாய்ந்தும் இருக்கும். அதை ரீமர் (துளையைச் சிறிதளவு பெரிதாக்கி வழவழப்பாக்கும் டூல்) விட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரீமர் இருக்கிற துளையின் போக்கிலேயே போகும். கோணலான துளையைக் கோணலாகவே பெரிதாக்கும். ஹெட்டை மில்லிங் மெஷினில் கட்டி, வால்வு மூடும்போது உட்காரும் வளையமான வால்வு சீட்டுக்கு டயல் கேஜ் வைத்து மையம் பிடித்து, ஒற்றைமுனை போரிங் டூலால் கீறல்கள் மறையும் அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும். அலுமினியம் குறைவாக எடுக்கப்படுவது நல்லது, ஏனென்றால் நாளைக்கு இன்னொருவர் இதே ஹெட்டைத் திறக்க வேண்டி வரும்.

இப்போது இறுக்கத்துக்கு, அதாவது கைடின் வெளிவிட்டம் துளையைவிட எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு வருவோம். போரிங் முடிந்த துளை 14 மி.மீ. என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய ஹெட்டில் அந்தப் பருமனுள்ள கைடுக்கு 0.04 மி.மீ., அதாவது பட்டறைக் கணக்கில் சுமார் ஒன்றரைத் தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இறுக்கம் கொடுப்பேன். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் அளவில் விரியும். வெண்கலம் ஏறத்தாழ 18, வார்ப்பிரும்பு ஏறத்தாழ 11. எஞ்சின் ஓடும்போது ஹெட்டும் கைடும் 150 டிகிரி சூடேறுவதாகக் கொண்டால், இரும்பு கைடு தன் இறுக்கத்தில் 0.025 மி.மீ. இழக்கும். வெண்கல கைடு இழப்பது 0.01 மட்டுமே. உண்மையில் கைடு ஹெட்டைவிடச் சூடாக இருக்கும் என்பதால் இரண்டு இழப்புகளுமே இதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் அலுமினிய ஹெட்டில் வெண்கலத்துக்கு ஆதரவாக நான் சொல்லும் முதல் காரணம் இந்த இறுக்கக் கணக்குதான். தேய்மானமெல்லாம் எனக்கு இரண்டாவது.


மயிலை ஹெரால்டு எழுதியது:

ஐயா சொன்ன கணக்கு அலுமினிய ஹெட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை இதைப் படிக்கும் பழைய கார்க்காரர்களுக்காகச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். என்னிடம் இருப்பது வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சிசி எஞ்சின், ஹெட் முழுவதும் வார்ப்பிரும்பு. அதில் வெண்கல கைடு போட்டால் கதை தலைகீழாகிவிடும். கைடு ஹெட்டைவிட அதிகமாக விரியப் பார்க்கும். இரும்பு அதற்கு இடம் கொடுக்காது. வெளியே போக முடியாத உலோகம் உள்ளே நெருங்கி வரும். அதே 14 மி.மீ., அதே 150 டிகிரி கணக்கில் இறுக்கம் 0.015 மி.மீ. வரை கூடும், அதில் ஒரு பகுதி கைடின் உட்துளை சுருங்குவதாக வெளிப்படும். எனவே இரும்பு ஹெட்டில் வெளி இறுக்கத்தை 0.03 மி.மீ. அளவில் நிறுத்திக்கொண்டு, எக்ஸாஸ்ட் தண்டுக்கு விடும் இடைவெளியை அலுமினிய ஹெட்டுக்கு விடுவதைவிடச் சற்றுக் கூட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மே மாத மதியத்தில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நிற்கும்போது வால்வு பிடித்துக்கொள்ளும்.

இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், இரும்பு ஹெட்டுக்கு வெண்கலம் தேவையா என்பதே எனக்குச் சந்தேகம்தான். வார்ப்பிரும்பில் உள்ள கிராஃபைட் தானே ஒரு மசகுப் பொருள். துளை நல்ல நிலையில் இருந்தால் நல்ல வார்ப்பிரும்பு கைடு பல்லாண்டு உழைக்கும். ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு வெண்கல கைடுதான் மருந்து என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995ல் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றுபோனது. அதனால் பழைய இரும்பு ஹெட்டுகளுக்கு வந்த முதன்மையான ஆபத்து எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குவதுதான். அதற்குத் தீர்வு கடினமான சீட் இன்செர்ட், அதாவது ஹெட்டில் பதிக்கும் தனி சீட் வளையம். கைடை மாற்றுவதால் அது தீராது.


பெரம்பூர் புல்லட் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. துளையை அளந்துவிட்டேன். ஐயா சொன்னபடியே எக்ஸாஸ்ட் துளை மேலே அகன்றிருக்கிறது, நடுவில் வட்டமாகவும் இல்லை. இன்லெட் துளையில் கீறல் குறைவு. மில்லிங் மெஷினில் போரிங் செய்து தர அம்பத்தூரில் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உலோகத்தைப் பற்றி மட்டும் இன்னும் குழப்பம் தீரவில்லை. பட்டறையில் உள்ள கன்மெட்டல் கம்பியில் செய்துகொள்ளலாமா, அல்லது மண்ணடிப் பக்கம் போய் பாஸ்பர் பிரான்ஸ் (பாஸ்பரஸ் சேர்ந்த வெண்கலம்) என்று கேட்டு வாங்க வேண்டுமா? அலுமினியம் பிரான்ஸ் இன்னும் உயர்ந்தது என்றும் சொல்கிறார்கள்.


கிண்டி உலோகம் எழுதியது:

உலோகத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கன்மெட்டல் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் கம்பிகளில் பெரும்பாலானவற்றில் ஈயம் கலந்திருக்கும். செம்பு 85, தகரம், ஈயம், துத்தநாகம் தலா 5 சதவீதம் என்பது அவற்றில் பரவலான ஒரு கலவை. ஈயம் இருப்பதால் லேத்தில் வெண்ணெய் போல வெட்டுப்படும், கடைபவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும், புஷ்ஷுகளுக்கும் பம்பு பாகங்களுக்கும் அது மிக நல்ல உலோகம். ஆனால் அந்த ஈயம் செம்போடு கரைந்து கலக்காமல் தனித்தனித் துளிகளாகவே உலோகத்துக்குள் கிடக்கிறது. அது 327 டிகிரியில் உருகிவிடும். எக்ஸாஸ்ட் கைடின் கீழ்முனை எரிந்த வாயுவின் பாதையிலேயே நீட்டிக்கொண்டிருப்பது. அந்த இடத்துக்கு ஈயக் கலவை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இன்லெட் பக்கம் அதே கம்பி ஓரளவு தாங்கும். இருந்தாலும் ஒரே ஹெட்டில் இரண்டு உலோகங்கள் எதற்கு?

பாஸ்பர் பிரான்ஸ் என்றால் 10 சதவீதம் அளவில் தகரமும் சிறிதளவு பாஸ்பரசும் சேர்ந்த வார்ப்புக் கலவையைக் கேளுங்கள். அதே பெயரில் 5 சதவீதத் தகரம் உள்ள இழுப்புக் கம்பியும் விற்கப்படுகிறது; அது வேறு வேலைகளுக்கானது. மணல் அச்சில் வார்த்த துண்டைவிடத் தொடர் வார்ப்புக் கம்பி மேலானது, ஏனென்றால் மணல் வார்ப்பில் உள்ளே காற்றுக்குழி இருந்தால் கடைந்து முடிக்கும் தறுவாயில்தான் அது வெளியே தெரியும். அலுமினியம் பிரான்ஸில் 10 சதவீதத்துக்கு நெருக்கமாக அலுமினியமும், உயர்ந்த வகையில் சுமார் 5 சதவீதம் வீதம் நிக்கலும் இரும்பும் இருக்கும். வலிமையிலும் சூட்டைத் தாங்குவதிலும் அது பாஸ்பர் பிரான்ஸை விஞ்சும். ஆனால் கடைவது கடினம், டூலின் முனையைத் தின்னும், ரீமரைப் பிடித்துக்கொள்ளும். பந்தய எஞ்சினுக்கு அது சரி. பெரம்பூரிலிருந்து மாமல்லபுரம் வரை நிதானமாகப் போய்வரும் புல்லட்டுக்குப் பாஸ்பர் பிரான்ஸே தாராளம்.

வெண்கலம் வெப்பத்தை இரும்பைவிட மிக நன்றாகக் கடத்தும் என்று அடிக்கடி படிக்கிறோம். செம்பைப் பற்றி அப்படிச் சொன்னால் அது முழு உண்மை. ஆனால் செம்போடு 10 சதவீதத் தகரம் சேர்ந்ததும் அதன் கடத்துதிறன் பெருமளவு விழுந்துவிடுகிறது. சாதாரண வார்ப்பிரும்பின் கடத்துதிறனிலிருந்து அது பெரிதாக விலகியதன்று. அலுமினியம் பிரான்ஸ் அதற்கும் கீழே நிற்கும். வால்வின் சூடு ஹெட்டுக்குப் போவது கைடின் வெளிப்புறம் துளையோடு முழுமையாக ஒட்டி நிற்பதைப் பொறுத்தது. ஆகவே அம்பத்தூர் ஐயா வலியுறுத்திய துளை வேலைதான் சூட்டுக்கும் பதில்.

கம்பி வாங்கும்போது தயாரிப்பாளரின் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். இல்லையென்றால் கம்பியில் ஒரு சிறு துண்டை அறுத்து, கிண்டியிலோ அம்பத்தூரிலோ உள்ள பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு (எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் சோதனை) கொடுத்துவிடுங்கள். நிறத்தைப் பார்த்து இது இன்ன வெண்கலம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.


அம்பத்தூர் கடைசல் எழுதியது:

உலோகம் முடிவாகிவிட்டதால் கடையும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் இதை அப்படியே காட்டுங்கள்.

முதலில் உட்துளை, பிறகுதான் வெளிவிட்டம். நீளமான சிறு துளையில் டிரில் ஒருபக்கம் ஓடும் என்பதால், கைடை ஒரே பிடியில் உள்ளும் புறமும் முடித்துவிட்டால் இரண்டும் ஒரே மையத்தில் இருக்காது. எனவே சென்டர் டிரில் போட்டு, தண்டின் அளவுக்கு அரை மி.மீ. குறைந்த டிரிலை அடிக்கடி வெளியே எடுத்துச் சுருளை நீக்கி விட வேண்டும். அதன் பிறகு, தண்டின் அளவுக்கு 0.1 மி.மீ. குறைவாக ஒரு டி-பிட் (பாதி வட்டமாகத் தேய்த்த ஒற்றைமுனை வெட்டுக்கம்பி) செய்து விட்டால் துளை நேராக வரும். பழைய டர்னர்கள் சில்வர் ஸ்டீல் கம்பியில் அதைத் தாங்களே செய்துகொள்வார்கள். முடிந்த துளையை மேன்ட்ரலில் (துளைக்குள் இறுக நுழையும் தண்டில்) ஏற்றி, இரண்டு சென்டர்களுக்கு நடுவே வைத்து வெளிவிட்டத்தைக் கடைந்தால், துளை எங்கே இருக்கிறதோ அங்கேயே வெளிப்புறத்தின் மையமும் அமையும்.

ஈயமுள்ள கன்மெட்டலுக்கு டிரிலின் வெட்டுமுனையைச் சப்பையாகத் தேய்த்துக்கொள்வது வழக்கம். இல்லையென்றால் டிரில் தானே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பாஸ்பர் பிரான்ஸுக்கு அதே டிரிலைப் போட்டால் வெட்டாமல் உரசும், உரசினால் சூடாகும், சூடானால் துளை டிரிலையே பிடித்துக்கொள்ளும். கூர்மையான டூல் வேண்டும். ரீமரைப் பொறுத்தவரை, இதுவரை எஃகில் பயன்படுத்தாத புதிய ரீமரை வெண்கலத்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

வெளிவிட்டத்தில் மரை போன்ற டூல் தடங்கள் இருக்கக் கூடாது. மைக்ரோமீட்டர் அந்த மேடுகளின் உச்சியைத்தான் அளக்கும். கைடு துளைக்குள் இறங்கும்போது மேடுகள் நசுங்கிவிடும், 0.04 என்று நினைத்த இறுக்கம் 0.02 ஆக நிற்கும். கடைந்த சூட்டிலேயே அளப்பதும் இதே போன்ற தவறுதான். கைடு அறையின் வெப்பத்தைவிட 30 டிகிரி அதிகமாக இருந்தால் 14 மி.மீ. விட்டம் 0.0075 மி.மீ. பெரிதாகக் காட்டும், நீங்கள் வைக்கும் இறுக்கத்தில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கடைசி வெட்டுக்கு முன்னால் கைடையும் மைக்ரோமீட்டரையும் ஒரே மேசையில் போதிய நேரம் ஆறவிட்டு அளக்கச் சொல்லுங்கள். கீழ்முனையில் நீளமான, சரிவான ஒரு முகப்பும் வேண்டும், அப்போதுதான் கைடு துளையைச் சுரண்டாமல் நேராக நுழையும்.

இறக்குவதற்கு ஹெட்டை மின் அவனில் வைத்து 150 டிகிரிக்கு முழுவதும் ஒரே சீராகச் சூடாக்குங்கள்; கேஸ் விளக்கால் ஓரிடத்தில் காட்டிச் சூடாக்கினால் ஹெட் வளைய வாய்ப்புண்டு. அகச்சிவப்பு வெப்பமானியால் பார்ப்பவர்கள், பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால் கறுப்பு மார்க்கரால் ஒரு திட்டுப் பூசி அந்த இடத்தில் பார்க்க வேண்டும். கைடை முதல்நாளே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். 30 டிகிரியிலிருந்து 150க்குப் போகும் ஹெட்டின் துளை 0.038 மி.மீ. விரியும், மைனஸ் 18க்குப் போகும் கைடு 0.012 சுருங்கும். இரண்டும் சேர்ந்து 0.05. அதாவது அந்த நொடியில் உங்கள் இறுக்கம் இல்லாமலே போய்விடுகிறது. கைடு படிவைத்த டிரிஃப்டோடு (கைடைத் தள்ளி இறக்கும் கம்பியோடு) சேர்ந்து ஒரே தள்ளில் தன் தோள் வரை போய் உட்காரும். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ ஓர் அளவு தவறியிருக்கிறது என்று பொருள், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.


பெரம்பூர் புல்லட் எழுதியது:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. தண்டுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது? பழைய வால்வுகளையே போடலாமா?


அம்பத்தூர் கடைசல் எழுதியது:

8 மி.மீ. தண்டு என்று கொண்டால், அலுமினிய ஹெட்டில் பாஸ்பர் பிரான்ஸ் கைடுக்கு இன்லெட்டில் 0.03 முதல் 0.04 மி.மீ., எக்ஸாஸ்டில் 0.05 முதல் 0.06 வைப்பேன். கைடு இறுகி உட்கார்ந்ததும் உட்துளை சற்றுச் சுருங்கும். ஆகவே கடைசி ரீமர் வேலை கைடு ஹெட்டில் ஏறிய பிறகுதான். ரீமரை நிறைய எண்ணெயோடு ஒரே திசையில் சுற்றி உள்ளே விட்டு, வெளியே எடுக்கும்போதும் அதே திசையிலேயே சுற்றுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் வெட்டவில்லை, உரசுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

பழைய வால்வுத் தண்டை மைக்ரோமீட்டரால் மேலிருந்து கீழ்வரை அளந்து பாருங்கள். கைடுக்குள் ஓடும் பகுதிக்கும் ஓடாத பகுதிக்கும் நடுவே நகத்தால் வருடினால் தட்டுப்படும் படி இருந்தால் அந்த வால்வைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இடைவெளி சரியா என்று பார்க்க, தண்டையும் கைடையும் துடைத்துவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் இட்டு, வால்வை ஒரு அங்குலம் தூக்கி விடுங்கள். நடுவில் எங்கும் நிற்காமல், தன் எடையிலேயே மெதுவாக வழுக்கி இறங்க வேண்டும். கால்பங்கு, அரைப்பங்கு என்று சுற்றிச் சுற்றி விட்டுப் பார்த்தாலும் அப்படியே இறங்க வேண்டும்.


மயிலை ஹெரால்டு எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புதிய கைடு ஏறிய பிறகு பழைய சீட் அதற்கு மையமாக இருக்காது. சீட்டில் நீல மை தடவி வால்வை வைத்துச் சுற்றினால், பிறைநிலா போல ஒருபக்கம் மட்டுமே மை ஒட்டும். அதை கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தே சரிசெய்யப் பார்த்தால் சீட்டும் வால்வும் சேர்ந்து கெடும். புதிய கைடில் பைலட்டை (கட்டரை மையத்தில் பிடிக்கும் தண்டை) நிறுத்தி 45 டிகிரி கட்டரால் சீட்டை வெட்டி, மை முழு வட்டமாக விழுந்த பிறகு பேஸ்டை லேசாகப் போட்டால் போதும். வேலை முடிந்ததும் ஹெட்டை மண்ணெண்ணெயில் கழுவி, கைடுக்குள் பிரஷ் விட்டுத் துடையுங்கள். பேஸ்டின் துகள் வெண்கலத்தில் பதிந்துவிட்டால், அது ஒவ்வொரு முறையும் வால்வுத் தண்டை அறுத்துக்கொண்டே இருக்கும்.


பெரம்பூர் புல்லட் எழுதியது:

நன்றி ஐயா. பாஸ்பர் பிரான்ஸ் கம்பியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, போரிங்குக்கு ஹெட்டை அனுப்புகிறேன். போரிங் முடிந்ததும் வரும் துளையின் அளவை இங்கே எழுதுகிறேன். அதைப் பார்த்துவிட்டு வெளிவிட்டத்தை நீங்கள் சொன்ன பிறகுதான் லேத் பட்டறைக்குப் போவேன்.